முன்பணம் வாங்கியவர்கள் போகக்கூடாதா? சவுக்கு வெட்டு மேற்பார்வையாளர் ஒருவருக்குப் பதில்

வடமாவட்டம் ஒன்றிலிருந்து 29 வயது இளைஞர் ஒருவர் எழுதியிருக்கிறார். வேளாண்மைப் பட்டயம் படித்தவர். நான்கு ஆண்டுகளாக ஒரு மர ஒப்பந்தக்காரரிடம் வெட்டு மேற்பார்வையாளராக இருக்கிறார். விவசாயிகளிடம் சவுக்கு, தைலமரத் தோப்புகளை நின்ற மரமாகவே விலைபேசி வாங்கி, வெட்டி, காகித ஆலைக்கும் சாரக்கழி வியாபாரிகளுக்கும் அனுப்புவது அந்த ஒப்பந்தக்காரரின் தொழில். எந்தத் தோப்பை முதலில் வெட்டுவது, எந்தப் பக்கம் தொடங்குவது, லாரி எப்போது வர வேண்டும், எடைச்சீட்டு, வெட்டுக்கூலிக் கணக்கு என்று தோப்புக்குள் நடக்கும் அத்தனைக்கும் இவரே பொறுப்பு. "இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, நன்றாகவும் வருகிறது" என்கிறார். கடிதத்தைப் படித்தால் அது உண்மை என்று தெரிகிறது.

வெட்டுபவர்கள் எட்டு இருளர் குடும்பங்கள். குடும்பத்துக்கு 25,000 முதல் 40,000 ரூபாய் வரை முன்பணம் கொடுத்து அழைத்துவரப்பட்டவர்கள். தோப்பு ஓரத்தில் தார்ப்பாய்க் கூடாரம் போட்டுத் தங்குகிறார்கள். ஒரு தோப்பு முடிந்ததும் லாரியில் ஏற்றி அடுத்த தோப்பில் இறக்கிவிடுகிறார்கள். டன் கணக்கில் கூலி, அதுவும் குடும்பத் தலைவர் பெயரில் மட்டும். வாரச் செலவுக்குக் கொஞ்சம் கையில் கொடுத்துவிட்டு மீதியை முன்பணத்தில் கழிக்கிறார்கள். அரிசி, மருந்து, பண்டிகைச் செலவு என்று புதிதாக ஏறிக்கொண்டே இருப்பதால் முன்பணம் குறைந்தபாடில்லை. அவர்களுடைய ஆதார் அட்டைகளும் குடும்ப அட்டைகளும் மேற்பார்வையாளரின் கொட்டகையில், ஒரு தகரப் பெட்டிக்குள் இருக்கின்றன. ஒப்பந்தக்காரர் சொல்ல, இவர்தான் வாங்கி வைத்திருக்கிறார்.

சென்ற மாதம் இரண்டு சம்பவங்கள். வெட்டிய சவுக்கு ஒன்று பக்கத்து மரத்தில் சிக்கி நின்று, பிறகு சரிந்ததில் ஒருவருக்குக் கால் எலும்பு முறிந்தது. மருத்துவச் செலவு 18,000 ரூபாய் அவருடைய முன்பணக் கணக்கிலேயே எழுதப்பட்டது. சில நாள் கழித்து இன்னொரு குடும்பம் உறவினர் சாவுக்குப் போனது, திரும்பவில்லை. "ஜீப்பை எடுத்துக்கொண்டு இரண்டு பேரோடு போய் அவனை ஏற்றிக்கொண்டு வா" என்று ஒப்பந்தக்காரர் உத்தரவிட்டிருக்கிறார். அதிலிருந்து இவருக்குத் தூக்கமில்லை. வாங்கிய பணத்துக்கு வேலை செய்யச் சொல்வது எப்படித் தவறாகும்? நான் சம்பளத்துக்கு இருப்பவன்தானே, என்மேல் என்ன வரும்? மூன்று மாதச் சம்பளம் பாக்கி, வேலையை விட்டால் எடைக் குறைவை என் தலையில் கட்டுவேன் என்கிறாரே, என்ன செய்வது? புகார் சொன்னால் அந்தக் குடும்பங்களின் பிழைப்பும் போய்விடாதா? இவைதாம் கேள்விகள். அடையாளம் தெரியாதிருக்க இடத்தையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

அன்புள்ள நண்பருக்கு,

அவசரமான இரண்டு செய்திகளைக் கடிதம் கிடைத்த அன்றே தனியாகத் தெரிவித்துவிட்டேன். மற்ற வாசகர்களுக்காக அவற்றை இங்கே திரும்பச் சொல்கிறேன். அந்த ஜீப்பில் ஏறாதீர்கள். தகரப் பெட்டியில் இருக்கும் அட்டைகளை உரியவர்களிடம் கொடுத்துவிடுங்கள். மற்ற எல்லாவற்றையும் யோசித்துச் செய்யலாம். இந்த இரண்டில் யோசிக்க ஒன்றுமில்லை. விருப்பமில்லாத ஒருவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவது ஆள்கடத்தல். யார் சொல்லிச் செய்தாலும், வாங்கிய பணம் எவ்வளவாக இருந்தாலும், அது மாறாது.

முன்பணம் கடன்தானே?

உங்கள் கேள்வியில் நியாய உணர்வு இருக்கிறது. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும், வாங்கிய பணத்தைத் திருப்ப வேண்டும் என்று வளர்ந்தவர் நீங்கள். அதே உணர்வு அந்தக் குடும்பங்களுக்கும் இருக்கிறது என்பதால்தான் இந்த முறை இத்தனை காலம் நீடிக்கிறது. சட்டம் இதை வேறு விதமாகப் பார்க்கிறது.

1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் முன்பணம் கொடுப்பதையெல்லாம் குற்றம் என்று சொல்லவில்லை. முன்பணத்தின் காரணமாக ஒருவர் எதை இழக்கிறார் என்றுதான் கேட்கிறது. கூலியே இல்லாமலோ குறைந்தபட்சக் கூலிக்குக் கீழோ உழைக்க வேண்டியிருக்கிறதா? வேறு வேலைக்குப் போகும் உரிமை பறிபோகிறதா? விரும்பிய இடத்துக்குப் போய்வர முடியாமல் இருக்கிறதா? தன் உழைப்பின் பொருளைச் சந்தை விலைக்கு விற்க முடியாமல் போகிறதா? இந்த நான்கில் ஒன்று இருந்தாலே கொத்தடிமை முறைதான். உங்கள் தோப்பில் இரண்டாவதும் மூன்றாவதும் இருக்கின்றன. முதலாவதைக் கீழே பார்ப்போம். சங்கிலியும் பூட்டும் இருந்தால்தான் கொத்தடிமை என்று பலர் நினைக்கிறார்கள். சாவு வீட்டுக்குப் போனவரைத் திரும்ப இழுத்துவர ஆள் அனுப்பும் இடத்தில் பூட்டுக்கு வேலையே இல்லை.

அப்படி ஒரு முறை இருக்கிறது என்றானபின் அந்தக் கடன் சட்டத்தின் கண்ணில் இல்லை. முத்திரைத்தாளில் எழுதிக் கைநாட்டு வாங்கியிருந்தாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது. வசூலிக்க வழக்குப் போட முடியாது. இன்னும் ஒரு படி மேலே போகிறது சட்டம்: அழிந்துபோன அந்தக் கடனுக்கென்று பணம் வாங்கிக்கொள்வதே 3 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று ஒப்பந்தக்காரர் வாதாடினால், அதை நிரூபிக்கும் சுமை அவருடையது. எழுதப்படிக்கத் தெரியாத தொழிலாளி ரசீது தேடி அலைய வேண்டியதில்லை.

உச்ச நீதிமன்றமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1982-இல், டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு தடைசெய்த கட்டாய உழைப்பு என்று தீர்ப்பளித்தது. வறுமையும் வேறு வழியில்லாமையும் கூட ஒருவரைக் கட்டாயப்படுத்தும் சக்திகள்தாம் என்பது அதன் அடிப்படை. அடுத்த ஆண்டு டிசம்பரில், கல்குவாரித் தொழிலாளர்களுக்காகப் பந்துவா முக்தி மோர்ச்சா என்ற கொத்தடிமை மீட்பு அமைப்பு தொடுத்த வழக்கில், கட்டாய உழைப்பு நடந்தது தெரிந்தால் அது ஏதோ ஒரு முன்பணத்துக்காகவே என்று அனுமானிக்கலாம் என்றது. "அவர்களாக விரும்பித்தான் வந்தார்கள்" என்ற வாதம் இந்த இரண்டு தீர்ப்புகளுக்குப் பிறகு நிற்பதில்லை.

டன் கணக்கும் காய்ந்து குறையும் எடையும்

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியைத்தான் நான் பலமுறை படித்தேன். வெட்டிய கட்டையின் எடை நாளுக்கு நாள் குறையும், அதனால் அன்றன்றே லோடு ஏற்ற வேண்டும், ஆட்கள் ஒருவரும் குறையக் கூடாது என்று ஒப்பந்தக்காரர் நெருக்குகிறார் என்கிறீர்கள். அவர் சொல்வதில் தொழில் உண்மை உண்டு. பச்சை மரத்தின் எடையில் கணிசமான பங்கு நீர். பட்டை உரித்து வெயிலில் அடுக்கிய கட்டை வேகமாகக் காய்கிறது. ஆலை எடைமேடையில் நிற்கும்போது காய்ந்த ஒவ்வொரு கிலோவும் அவருக்கு நஷ்டம்.

அந்த நஷ்டத்தில் பாதியை வெட்டுபவர்கள் தலையில் அவர் ஏற்கெனவே இறக்கிவிட்டார் என்பதைக் கவனித்தீர்களா? கூலியை நீங்கள் எழுதுவது ஆலை எடைச்சீட்டைப் பார்த்து. செவ்வாய்க்கிழமை வெட்டி, உரித்து, அடுக்கிய கட்டை, லாரி கிடைக்காமல் சனிக்கிழமை போகிறது. வெட்டியவர் கோடரி வீசியது செவ்வாய்க்கிழமை எடைக்கு. கூலி கிடைப்பது சனிக்கிழமை எடைக்கு. லாரி தாமதத்தில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை. உரித்த பட்டைக்கும் ஒதுக்கிய மிளாருக்கும் (சிறு கிளைகளுக்கும்) தூரை ஒட்டி வெட்டக் குனிந்து செய்த வேலைக்கும் எந்தச் சீட்டிலும் எடை ஏறுவதில்லை. அதோடு, கணவன் வெட்ட, மனைவி பட்டை உரிக்க, வளர்ந்த மகன் தோளில் சுமக்க, மூவரின் உழைப்பும் ஒரே பெயரில் ஒரே தொகையாகிறது. துண்டு வேலைக் கூலி எவ்வளவு என்று பேசிக்கொண்டாலும், வழக்கமான ஒரு நாள் வேலைக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குறைந்தபட்சக் கூலி வர வேண்டும். உங்கள் நோட்டில் ஒரு வாரத்தை எடுத்து, மூன்று பேருக்கும் ஆறு நாளுக்கும் வகுத்துப் பாருங்கள். இன்றைக்கே செய்யுங்கள். அரசு நிர்ணயித்த கூலிக்குக் கீழே வந்தால், நான் மேலே சொன்ன முதல் கேள்விக்கு விடை உங்கள் கையெழுத்திலேயே கிடைத்துவிடும்.

பிள்ளைகளைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. பட்டை உரிக்கும் இடத்திலும் மிளார் கட்டும் இடத்திலும் 14 வயதுக்குக் கீழே ஒரு பிள்ளை வேலை செய்தாலும் அது தனிக் குற்றம். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை ஆபத்தான வேலையில் விடக்கூடாது. பெற்றோருக்கு ஒத்தாசைதானே என்ற சமாதானம் இங்கே எடுபடாது. அது பெற்றோரின் சொந்தத் தொழில் இல்லையே.

நான் சம்பளத்துக்கு இருப்பவன்தானே?

இந்த இடத்தில் உங்களுக்கு ஆறுதலாக எதுவும் சொல்ல முடியவில்லை. 1976 சட்டத்தின் கீழ் கொத்தடிமை வேலை வாங்குபவருக்கும் அதற்கு உடந்தையாக இருப்பவருக்கும் ஒரே தண்டனை. அட்டைகளை வாங்கிப் பூட்டியவர் நீங்கள். கழித்த கணக்கை எழுதியவர் நீங்கள். முதலாளி சொன்னார் என்பது, தண்டனை எவ்வளவு என்ற கட்டத்தில் ஒருவேளை உதவலாம். குற்றம் இல்லை என்று ஆக்காது.

அந்தச் சட்டத்தில் தண்டனை 3 ஆண்டு வரைதான், ஜாமீனும் கிடைக்கும். அதை மட்டும் பார்த்து, பெரிதாக ஒன்றும் ஆகாது என்று சில ஒப்பந்தக்காரர்கள் தங்கள் ஆட்களுக்குத் தைரியம் சொல்வார்கள். முழு விவரம் அதுவல்ல. இருளர்கள் பழங்குடியினர். நீங்கள் பட்டியல் இனத்தையோ பழங்குடியினத்தையோ சேராதவராக இருந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி பழங்குடியினரைக் கட்டாய உழைப்பில் ஈடுபடுத்துவது 5 ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றம். அதில் முன்ஜாமீன் கேட்கச் சட்டமே தடை விதித்திருக்கிறது. ஆசை காட்டியோ மிரட்டியோ ஆட்களைச் சேர்த்து, ஏற்றிக்கொண்டுபோய், தங்கவைத்துச் சுரண்டுவதை, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவு ஆள் வணிகம் என்கிறது. ஒருவருக்கு மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டிருந்தால் குறைந்தது 10 ஆண்டு. எட்டுக் குடும்பங்களை லாரியில் ஏற்றித் தோப்பு மாற்றும்போது தேதி போட்டுக் குறித்து வைத்தவர் நீங்கள்தான். மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை. இவ்வளவும் தெரிந்த பிறகுதான் உங்களால் சரியாக முடிவெடுக்க முடியும்.

உங்கள் முன் இருக்கும் வழிகள்

வேலையில் இருந்துகொண்டே உள்ளுக்குள் சரிசெய்வது முதல் வழி. அட்டைகளைத் திருப்பிக் கொடுப்பது, ஆளுக்கொரு கூலிச்சீட்டு எழுதுவது, கூலியைத் தோப்பில் குறித்த எடைக்கே எழுதுவது ஆகியவற்றை நீங்கள் செய்யலாம். ஒப்பந்தக்காரர் ஒரு வாரம் பொறுத்துக்கொள்வார். முன்பணக் கணக்கை ரத்து செய்யும் அதிகாரம் உங்களிடம் இல்லை. நீங்கள் போனபின் வேறொருவர் அந்தப் பெட்டியைப் பூட்டுவார். இதை மட்டும் செய்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது, எதுவும் பேசாமல் விலகிவிடுவது. உங்கள் வீட்டில் பெரியவர்கள் இதைத்தான் சொல்வார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். விலகிய நாள்வரை நடந்தவற்றுக்கான பொறுப்பு உங்களோடு வரும். பின்னால் யாரோ புகார் கொடுத்து விசாரணை நடந்தால், நோட்டில் இருக்கும் கையெழுத்து யாருடையது என்றுதான் முதலில் கேட்பார்கள். அப்போது நீங்கள் சொல்வதெல்லாம் பயந்து சொல்வதாகத் தெரியும்.

மூன்றாவது, மாவட்ட நிர்வாகத்திடம் சொல்வது. இதைத்தான் செய்யச் சொல்கிறேன். தானாக முன்வந்து சொன்னவரை வழக்கில் சேர்க்கவே மாட்டார்கள் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. கடத்திவர மறுத்ததும், அட்டைகளைத் திருப்பிக் கொடுத்ததும், கேட்கும் முன்பே கணக்கை ஒப்படைத்ததும் உங்கள் பக்கம் பேசும். ஆகவே வாக்குமூலம் எதுவும் கொடுப்பதற்கு முன்னால் உங்களுக்கென்று ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொள்ளுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். வருமான வரம்புக்குள் இருந்தால் உங்களுக்கும் இலவச உதவி உண்டு. அந்தக் குடும்பங்களுக்கு வருமானம் பார்க்காமலே உண்டு. பழங்குடியினர் என்பதாலும், கட்டாய உழைப்புக்கு ஆளானவர்கள் என்பதாலும் சட்டம் அவர்களுக்கு அதைத் தருகிறது.

மனு எப்படி இருக்க வேண்டும்

மாவட்ட ஆட்சியருக்கும் கோட்டாட்சியருக்கும் மனு கொடுக்க வேண்டும். கொத்தடிமைகளை அடையாளம் கண்டு மீட்பதும் விடுதலைச் சான்றிதழ் வழங்குவதும் வருவாய்த் துறையின் கடமை. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து குழந்தைகள் உள்பட 42 பேரை மீட்டவர்களும் வருவாய் அதிகாரிகளே. மீட்க வந்த அதிகாரியின் காலில் முதியவர் ஒருவர் விழுந்த படம் அப்போது நாடு முழுவதும் பரவியது. அவர்களும் முன்பணத்துக்காக மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள்.

செங்கல் சூளையோ அரிசி ஆலையோ இடம் மாறாது. வெட்டுக்கூட்டம் மாறிக்கொண்டே இருக்கும். அதிகாரிகள் வந்து சேரும்போது தூரும் சாம்பலும் மட்டும் கிடக்கும். கூட்டம் இன்றைக்கு எந்தத் தோப்பில் இருக்கிறது, எத்தனை நாள் வேலை பாக்கி, அடுத்து எங்கே போகும் என்பது மாவட்டத்தில் உங்களைத் தவிர வேறு யாருக்கும் இவ்வளவு துல்லியமாகத் தெரியாது. நான்கு ஆண்டில் நீங்கள் கற்றுக்கொண்ட தொழில் இந்த ஒரு மனுவில் முழுவதுமாகப் பயன்படும். இவற்றைக் கட்டாயம் எழுதுங்கள்:

இடம்: ஊர், சர்வே எண், பிரதான சாலையிலிருந்து தோப்புக்குப் போகும் வழி, கூடாரங்கள் இருக்கும் மூலை. இப்போதைய தோப்பு முடியும் நாளும் அடுத்த தோப்பின் சர்வே எண்ணும்.

ஆட்கள்: ஒவ்வொருவர் பெயரும் வயதும். பெண்களையும் பிள்ளைகளையும் குடும்பத் தலைவரின் பெயருக்குள் அடக்கிவிடாதீர்கள். விடுதலைச் சான்றிதழும் உதவித்தொகையும் தனித்தனி ஆளுக்கு. மனுவில் விட்டுப்போன பெயர் சான்றிதழிலும் விட்டுப்போகும் ஆபத்து உண்டு.

கணக்கு: யாருக்கு எப்போது எவ்வளவு முன்பணம், எவ்வளவு கழிக்கப்பட்டது, எது புதிதாக ஏற்றப்பட்டது. நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து வையுங்கள். நோட்டைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள், திருட்டுப் புகாருக்கு வழி திறந்துவிடும். ஒரு பக்கத்தையும் கிழிக்கவோ திருத்தவோ வேண்டாம். படமெடுத்த கைபேசியை விற்கவோ மாற்றவோ கூடாது. மின்னணுச் சான்றாக அது நீதிமன்றத்துக்குத் தேவைப்படும்.

மனு கொடுத்த செய்தி வெளியே கசியக் கூடாது. பக்கத்துத் தோப்பு மேஸ்திரியிடம்கூடச் சொல்லாதீர்கள். அந்தக் குடும்பங்களிடமும் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். அவர்களில் ஒருவர் பயத்தில் ஒப்பந்தக்காரரிடம் சொல்லிவிட்டால், ராத்திரியோடு ராத்திரியாக எல்லோரையும் வேறு மாவட்டத்துக்கு ஏற்றிவிடுவார்கள். அதிகாரிகள் வந்தபின், தொழிலாளர்களை ஒப்பந்தக்காரரின் ஆட்கள் இல்லாத இடத்தில் வைத்து விசாரிக்க வேண்டும் என்று மனுவிலேயே கேளுங்கள். ஒப்பந்தக்காரர் எதிரில் கேட்டால் "நன்றாகத்தான் இருக்கிறோம்" என்பதே பதிலாக வரும். பிள்ளைகள் வேலை செய்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும் தெரிவியுங்கள்.

அவர்கள் பிழைப்பு என்னாகும்?

இந்தக் கேள்வியைக் கேட்டதற்காக உங்களை மதிக்கிறேன். சான்றிதழ் பெற்றவுடன் ஒவ்வொருவருக்கும் 30,000 ரூபாய் வரை உடனடி உதவி உண்டு. மறுவாழ்வுத் தொகையாக வயதுவந்த ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிகக் கொடுமையான நிலையிலிருந்து மீட்கப்பட்டவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 3 லட்சம் ரூபாய் என்று ஒன்றிய அரசின் திட்டம் சொல்கிறது. காகிதத்தில் இருப்பது இது. நடைமுறையில் உடனடி உதவி ஓரளவு விரைவாக வருகிறது. பெரிய தொகை வழக்கின் முடிவோடு கட்டப்பட்டிருப்பதால் ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது. அந்த இடைவெளியில்தான் இன்னொரு மேஸ்திரி இன்னொரு முன்பணத்தோடு வந்து நிற்பார். அதனால் சாதிச் சான்று, வீட்டுமனைப் பட்டா, குடும்ப அட்டையைச் சொந்த ஊருக்கு மாற்றுதல், பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை ஆகியவற்றை மீட்பின்போதே கோட்டாட்சியரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். உங்கள் மாவட்டத்தில் பழங்குடியினருக்காக வேலை செய்யும் அமைப்புகள் இருக்கும். மீட்பு முடிந்தபின் அந்தக் குடும்பங்களை அவர்களோடு சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்று. மரம் வெட்டுவதில் அவர்களுக்கு இருக்கும் கைத்திறன் அவர்களோடுதான் இருக்கும். சவுக்கு வெட்ட ஆள் கிடைக்காமல் தோப்புக்காரர்கள் அலைகிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அட்டை கையிலும் கூலி கையிலும் இருந்தால், அதே வேலையைத் தங்கள் விலைக்குப் பேசிச் செய்ய அவர்களால் முடியும். முன்பணக் கணக்கு ஒன்றுதான் இதுவரை அதைத் தடுத்தது.

உங்கள் சம்பளமும் எடைக் குறைவுப் பழியும்

மூன்று மாதச் சம்பளப் பாக்கியைத் தொழிலாளர் துறையிடம் கேட்டு வாங்கலாம். வங்கிக் கணக்கில் முன்பு வந்த சம்பளமும், வேலை உத்தரவுகள் வந்த வாட்ஸ்அப் செய்திகளும் போதுமான சான்று. எடைக் குறைவைப் பொறுத்தவரை, தோப்பில் நீங்கள் குறித்த எடைக்கும் ஆலைச் சீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் திருட்டு என்று சொல்லப்போகிறார். ஒவ்வொரு லோடுக்கும் வெட்டிய தேதி, ஏற்றிய தேதி, எடைமேடைத் தேதி மூன்றையும் வரிசையாக எழுதிவையுங்கள். காத்திருந்த நாள் கூடக்கூடக் குறைவும் கூடியிருக்கும். தாமதித்த லாரியும் அடித்த வெயிலும்தான் அந்த எடையைக் கொண்டுபோயின என்பதை உங்கள் தேதிகளே காட்டும். அதே அட்டவணை வெட்டியவர்களின் கூலி இழப்புக்கும் சான்றாகும். இரண்டு பிரதி எடுங்கள்.

முறிந்த கால்

கடைசியாக, கால் முறிந்தவர். அவருடைய மருத்துவச் செலவை அவர் கணக்கில் எழுதியதை உங்கள் கடிதத்தில் ஒரு தகவலாக மட்டும் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். எனக்கு அது அப்படிக் கடக்கக் கூடியதாகத் தெரியவில்லை. மரம் வெட்டுவதில் காயம்பட்டால் வேலை கொடுத்தவர்தான் இழப்பீடு தர வேண்டும் என்பது 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. அதன் அட்டவணையில் மரம் வெட்டும் வேலை பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது. அந்தச் சட்டம் இப்போது 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் அடங்கிவிட்டது, பொறுப்பு தொடர்கிறது. சிகிச்சைச் செலவும், வேலை செய்ய முடியாத காலத்துக்கான தொகையும், கால் பழையபடி ஆகாவிட்டால் நிரந்தர ஊனத்துக்கான இழப்பீடும் அவருக்கு உரியவை.

"அவன் கவனக்குறைவு" என்று ஒப்பந்தக்காரர் சொல்வார். அதற்கும் விடை உங்களிடம் இருக்கிறது. சவுக்கை நெருக்கி நடுவதால் நடுவில் இருக்கும் மரத்துக்கு விழ இடமில்லை. ஓரத்திலிருந்து வரிசை வரிசையாக எடுத்து, வெட்டி முடித்த வெற்றிடத்தை நோக்கி விழவைப்பதே முறை என்று விளக்கமாக எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு, சாரக்கழிக்குத் தோதான நேரான மரங்களை மட்டும் முதலில் பொறுக்கி எடுக்கச் சொல்லி ஒப்பந்தக்காரரிடமிருந்து போன் வந்ததால் தோப்பின் நடுவில் வெட்டினார்கள். மரம் பக்கத்து மரத்தின் தலையில் சாய்ந்து நின்றது. தாங்கி நின்ற மரத்தை வெட்ட அவர் அடியில் போனார். வெட்டும் மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது, சிக்கிய மரத்தின் அடியில் வேலை செய்யக் கூடாது என்பவை வனவேலைப் பாதுகாப்பின் அரிச்சுவடி. அந்தப் போன் வந்த தேதியையும் நேரத்தையும் இன்றே எழுதி வையுங்கள்.

மருத்துவமனையில் என்ன காரணம் சொல்லிச் சேர்த்தார்கள் என்று பாருங்கள். வழுக்கி விழுந்ததாக எழுதியிருந்தால், மரம் விழுந்ததை நேரில் பார்த்த இரண்டு பேரின் பெயர் அவசியம் தேவை. எக்ஸ்ரே, சேர்க்கைச் சீட்டு, 18,000 ரூபாய்க்கான ரசீதுகள் ஆகியவற்றின் அசல் அவரிடமே இருக்க வேண்டும். இழப்பீட்டு மனு அவர் பெயரில் போகும், விபத்து நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். மீட்பு நடவடிக்கைக்காக அது காத்திருக்கத் தேவையில்லை. சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞரை முதல்முறை பார்க்கும்போதே இந்தக் காகிதங்களின் நகலையும் எடுத்துக்கொண்டு போங்கள்.